நேராகத் தெரிந்த கோடுகள்

எண்பதுகளின் நடுவில் நானும் என் மனைவியும் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஷா ஆலமில் ஒரு பொறியியல் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தேன். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்து, ஒரு முனையில் அவள் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்த உட்காருவாள். மறுமுனையில் பழைய நாளிதழை விரித்து நான் என் டாங்கியோடு உட்காருவேன்.

டாங்கி என்றால் போர்க்களத்தில் ஓடும் இரும்பு வண்டியின் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் உருவம். ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளம். பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். வெட்டி, ராவி, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். எழுபதுகளின் கடைசியில், கல்யாணத்துக்கு முன்பே, எனக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டது. அலுவலகத்தில் நாளெல்லாம் மற்றவர்களுடைய தொழிற்சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் படம் போட்டேன். நான் போட்ட கோடு எங்கே எழும்பியது என்று பார்க்க யாரும் என்னைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. டாங்கி அப்படியில்லை. என் கையிலேயே தொடங்கி என் கையிலேயே முடிந்தது.

இதே பைத்தியம் பிடித்த இன்னொருவன் கிள்ளானில் இருந்தான். துறைமுகத்தில் மின்சார வேலை பார்த்தவன். நகரத்தில் மாடல் பெட்டிகள் விற்கும் ஒரு கடையில், ஒரே பெட்டிக்கு இருவரும் கை நீட்டியதில் பழக்கமானோம். ஞாயிறுகளில் ஃபெடரல் ஹைவே வழியாக மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவான். வாசலில் நின்றே, "அண்ணி, கோப்பி இருக்கா?" என்று குரல் கொடுப்பான். என் மனைவி திருத்துவதை நிறுத்திவிட்டு எழுந்து போவாள். அவனை அவளுக்குப் பிடிக்கும். அவன் வந்தால் நான் வாய்விட்டுப் பேசுகிறேன் என்று சொல்வாள்.

போர்க்காலத்தில் ஜெர்மன்காரர்கள் தங்கள் டாங்கிகளின் மேல் சிமெண்டு போன்ற ஒரு கலவையைப் பூசினார்கள். எதிரிச் சிப்பாய் ஓடிவந்து காந்தம் வைத்த வெடியை இரும்பில் ஒட்டிவிடக்கூடாது. அதற்காகத்தான் அந்தப் பூச்சு. சும்மா மொழுகிவிடாமல், ஈரமாக இருக்கும்போதே சீப்பால் இழுத்தது போல வரி வரியாக மேடும் பள்ளமும் விட்டிருப்பார்கள். சிங்க் தகரக் கூரையை மிகவும் சிறியதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. மாடல் செய்கிறவர்களுக்கு அந்தப் பூச்சுதான் பெரிய பரீட்சை. பெட்டிக்குள் அது வராது. நாமே செய்ய வேண்டும்.

"அதுல ஒரு கூத்து என்னன்னா," என்று என் நண்பன் ஒருநாள் சொன்னான், "அந்த மாதிரி காந்த வெடி எதிரிங்ககிட்ட அவ்வளவா இல்லையாம். இந்த ஜெர்மன்காரனுங்கதான் வச்சிருந்தானுங்க. மத்தவனும் வச்சிருப்பான்னு பயந்து பூசியிருக்கானுங்க."

நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த வருடம் நான் ஒரு பெரிய ஜெர்மன் டாங்கியை எடுத்திருந்தேன். உடம்பு முழுக்கப் பூச்சு. இரண்டு கலவைகளைச் சரிபாதி எடுத்துப் பிசைந்தால் களிமண் போலப் பட்டி தயாராகும். மேசையில் முகப்பவுடர் தூவி, கண்ணாடி போத்தலால் அதைத் தாள் போல உருட்ட வேண்டும். பிறகு டாங்கியின் பக்கவாட்டில் ஒட்டி, தீட்டிய சின்னத் திருப்புளியின் நுனியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, ஒவ்வொரு வரியாக அழுத்திக்கொண்டு போக வேண்டும். நம் ஊர் வெக்கையில் பட்டி சீக்கிரம் இறுகிவிடும். இறுகினால் கல். பிறகு ராவித்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒரு பக்கத்தைத் தொடங்கிவிட்டால் எழுந்திருக்க முடியாது. என் மனைவி கூப்பிட்டாலும் தலை நிமிர மாட்டேன்.

வாரம் ஒரு பக்கமாகச் செய்து முடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை என்று நினைத்தேன். வரிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல நின்றன. விளக்கின்கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நண்பன் எப்போது வருவான் என்று காத்திருந்தேன்.

அவன் வந்தான். மேசையருகில் குனிந்து பார்த்தான். வழக்கமாக டாங்கியைப் பார்த்ததும் மெச்சி நாக்கைச் சொடுக்குவான். அன்று சத்தமே இல்லை.

"என்னாடா இது, இப்படிப் பண்ணிட்டே?"

"எது?"

"கோடு லா. நடுவுல எல்லாம் நெளிஞ்சு போயிருக்கு."

அவன் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். "நேராத்தானே இருக்கு. கண்ணத் துடைச்சுட்டுப் பாரு."

"டேய், நெசமாத்தான் சொல்றேன். ஓரத்துல சரியா இருக்கு. நடுவுல வந்து பாம்பு மாதிரி ஏறி இறங்குது. இந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அவனால் இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியாத எரிச்சல் என்று நினைத்தேன். மனைவி பக்கம் திரும்பி, "நீ சொல்லு. இது நேரா இருக்கா, இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். எழுந்து வந்து டாங்கியைக் கையில் எடுக்காமலே பார்த்தாள்.

"சொல்லு."

"வளைஞ்சுதாங்க இருக்கு."

"எப்ப பார்த்த?"

"போன வாரமே பார்த்தேன். இந்த டேங்க்கு இப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

நண்பன் என் கருவிப்பெட்டியைத் திறந்து இரும்பு ஸ்கேலை எடுத்தான். அதை டாங்கியின் பக்கவாட்டில் வரிகளையொட்டி வைத்தான். "இப்பப் பாரு," என்றான்.

பார்த்தேன். டாங்கியின் வரிகள் நேராகத்தான் இருந்தன. அந்த இரும்பு ஸ்கேல்தான் நடுவில் வளைந்திருந்தது.

அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆட்காட்டி விரலை ஒரு பள்ளத்தில் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனேன். விரல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கண்ணைத் திறந்தேன். நேர்க்கோடு. மூடினேன். நெளிவு. இதையே எத்தனை முறை செய்தேன் என்று தெரியாது. நண்பன் என் தோளில் கை வைத்து, "கண்ண போய்க் காட்டு லா," என்றான். அவன் குரல் மாறியிருந்தது.

எப்படி எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அலுவலகத்தில் கோடு போடுவது என் கண் இல்லை, பலகையில் ஓடும் நீளமான மட்டம். அதன்மேல் பேனாவைச் சாய்த்து இழுத்தால் கோடு தானாக நேராக விழும். அது சில நாட்களாக வளைந்தது போலத் தெரிந்தபோது மேசை விளக்கைக் குறை சொன்னேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். டாங்கியில் மட்டம் கிடையாது. அங்கே கை கண்ணை மட்டுமே நம்பிப் போனது. கண்ணுக்கு நேராகத் தெரியும்வரை கை வளைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் கட்டம் போட்ட தாளைக் கையில் கொடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். தமிழ்ப் பெண். "எந்தக் கோடு வளையுது அங்கிள்?" என்று கேட்டார். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

"நடுவுல எல்லாம் வளையுது, டாக்டர்."

"இனிப்பு நீர் எத்தனை வருஷமா இருக்கு?"

சொன்னேன். என் அப்பாவுக்கும் இந்தச் சர்க்கரை நோய் இருந்தது. அவருக்குக் காலில் புண்ணாக வந்தது; அந்தப் புண்ணோடே போய்ச் சேர்ந்தார். இனிப்பு நீர் என்றால் கால் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். குளிக்கும்போதெல்லாம் நான் என் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பேன், புண் இருக்கிறதா என்று. கண்ணைப் பற்றி யோசித்ததே இல்லை.

கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் கசிந்து, பார்க்கிற இடமே வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். லேசர் வைக்கலாம், மேலும் கெடாமல் நிறுத்தப் பார்க்கலாம், போனது திரும்பாது. அவர் பொறுமையாகத்தான் பேசினார். என் மனைவி ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் சட்டம் நடுவில் உள்வாங்கியிருந்தது.

லேசர் பல தடவை வைத்தார்கள். பச்சை வெளிச்சம் ஊசி ஊசியாகக் கண்ணுக்குள் இறங்கும். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றும் தெரியாது. மனைவியின் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில மாதங்கள் அப்படியே ஓடின. ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, தண்ணீரில் மை சொட்டியது போல வலது கண்ணுக்குள் கறுப்பாக ஒன்று இறங்கியது. நூல் நூலாகப் பிரிந்து சுழன்றது. கண்ணாடியில் என் முகம் அதற்குப் பின்னால் போய்விட்டது. "இங்க வா," என்று கூப்பிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். எனக்கு எந்த வலியும் இல்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை. வலிக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அலுவலகத்தில் என்னை மோசமாக நடத்தவில்லை. மேலாளர் ஒரு சீனர். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். டெலிபோன் எடுக்கும் வேலையில் இருக்கிறாயா என்று கேட்டார். இருந்தேன். எண்களைக் குறித்துவைக்க முடியாமல் போனபோது அவர் மறுபடி கூப்பிடுவதற்கு முன்பே நானே நின்றுவிட்டேன். என் வரைபடப் பலகையில் ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தான் என்று கேள்விப்பட்டேன். நல்ல பையன் என்றார்கள்.

டாங்கி அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. நண்பன் ஒரு ஞாயிறு வந்தபோது, "நான் எடுத்துட்டுப் போய்ப் பெயிண்ட் அடிச்சுட்டு வரட்டா?" என்று கேட்டான். "செய்," என்றேன். அவனும் ஏதாவது செய்யட்டும் என்று தோன்றியது. வரும்போதெல்லாம் அவன் என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

சில வாரங்கள் கழித்து அதை ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தான். அதற்குள் எனக்கு வலது கண் முழுவதும் போயிருந்தது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரிந்தன. அவன் பெட்டியைத் திறந்து டாங்கியை என் கையில் கொடுத்தான்.

"தடவிப் பாரு லா," என்றான். சந்தோஷமாக இருந்தான்.

விரலை வைத்தேன். ஒரு வரியில் தொடங்கி மறுமுனைவரை போனேன். விரல் எங்கும் ஏறவில்லை, இறங்கவில்லை. அடுத்த வரி. அதுவும் அப்படித்தான். மறுபக்கம் திருப்பினேன்.

"ராவி எடுத்துட்டியா?"

"எல்லாத்தையும் ராவிட்டேன். உன் பட்டி சும்மா கல்லு மாதிரி இருந்துச்சு. புதுசாப் பூசி, புதுசாக் கோடு இழுத்து... நீ எப்படிப் பண்ணணும்னு நெனச்சியோ அப்படியே பண்ணியிருக்கேன்."

டாங்கியை மேசையில் வைத்தேன்.

"என்னாடா? சரியில்லையா?"

"நல்லாருக்கு. நேரா இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அது நான் கடைசியாப் பண்ணுனதுடா," என்றேன்.

என் மனைவி கோப்பித் தட்டை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. கீழே ஒரு லோரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. யாரோ அதற்குக் கத்தி வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நான் அப்படி நெனைக்கலடா," என்று நண்பன் சொன்னான். "கோணலா இருந்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..." மூக்கை உறிஞ்சினான். அழுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. தேற்ற என்னால் முடியவில்லை. அவன்மேல் கோபம் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திட்டியிருப்பேன், அவனும் திட்டியிருப்பான், முடிந்திருக்கும். அவன் தன் விடுமுறை நாட்களையெல்லாம் எனக்காகச் செலவழித்திருந்தான். அந்தக் கோணல் கோடுகள் எனக்கு வேண்டும் என்று எனக்கே அதற்கு முன்பு தெரியாது. அவனுக்கு எப்படித் தெரியும்?

அவன் அதன்பிறகும் வந்தான். முதலில் வாரம் தவறி வந்தான். பிறகு தீபாவளிக்கு வந்தான். பிறகு ஜொகூருக்கு வேலை மாற்றலாகிப் போய்விட்டதாகத் தொலைபேசியில் சொன்னான். "வரேன்டா ஒருநாள்," என்றான். "வா," என்றேன்.

பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் நிறைய பேர். வெள்ளைத் தடியால் நடைபாதையைத் தட்டிக்கொண்டு போவார்கள். கண் தெரிந்த காலத்தில் நான் அவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டிருக்கிறேன். அதற்குமேல் அவர்களைப் பற்றி நினைத்ததில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தைக் கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. இடது கண்ணும் போனபின் மனைவி என்னை அங்கே சேர்த்துவிட்டாள். பள்ளிக்குப் போகும் வழியில் என்னைக் கொண்டுவந்து விடுவாள். திரும்பும்போது கூட்டிக்கொண்டு போவாள். கற்றுக்கொடுத்தவரும் கண் தெரியாதவர்தான். கலகலப்பான மனிதர். "அண்ணே, நீங்க டிராயிங் போட்ட ஆளு. உங்க விரலுக்கு இது சும்மா ஜூஜூபி," என்றார்.

எனக்கும் அப்படித்தான் ஒரு எண்ணம் இருந்தது. என் கண் பொய் சொன்னபோது என் விரல்தானே உண்மையைச் சொன்னது? புத்தகம் படிக்கலாம், என்றாவது ஏதாவது வேலைகூடக் கிடைக்கலாம் என்று மனைவியிடம் பேச ஆரம்பித்திருந்தேன். அவள் குரலில் பழைய தெம்பு வந்தது.

தாளின் மேல் விரலை வைத்தால் புள்ளி இருப்பது தெரிந்தது. ஒரு புள்ளியா, மூன்று புள்ளிகளா என்பது தெரியவில்லை. சொரசொரப்பு மட்டும் இருந்தது, தூரத்தில் யாரோ பேசுவது போல. பழகப் பழக வரும் என்றார் அவர். வாரக்கணக்காகப் பழகினேன். ஒருநாள் வீட்டில் வெந்நீர்க் கெட்டிலை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன், மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வெந்து போயிருக்குங்க!" என்றாள். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கொப்புளம். எனக்குத் தெரியவே இல்லை. கால் முன்பே மரத்துப் போயிருந்தது. அந்த மரப்பு கைக்கும் ஏறியிருந்தது.

வகுப்பில் அதைச் சொன்னேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "இங்க தெரியுதா அண்ணே? இங்க?" எனக்கு அவர் தொடுவது தெரிந்தது, எந்த விரல் என்பதுதான் தெரியவில்லை. என் கையை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, "கேசட்ல புத்தகம் இருக்கு, அண்ணே. இங்கிலீஷ்லதான் நெறய," என்றார். நான் அதன்பிறகு அங்கே போகவில்லை.

பகலில் வீட்டில் தனியாக இருப்பேன். வானொலி பாடும். ரயில் போகும் சத்தத்தை வைத்து மணி கணக்கிடுவேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன், மணி தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மனைவி வீட்டுக்கு வந்ததும் பள்ளியில் நடந்ததைச் சொல்வாள். கேட்டுக்கொள்வேன். சில நாள் அவள் பாதியில் நிறுத்திவிடுவாள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேனா என்று பார்க்கிறாளோ, களைத்துவிட்டாளோ, எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும்.

எனக்காக அவள் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்தாள். ஒரு வருடம் எடுத்தாள், அடுத்த வருடமும் எடுத்தாள். என்னைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டுப் போவாள். மாலையில் மஞ்சள் வாசனையோடு வந்து நெற்றியில் திருநீறு பூசுவாள். அதற்கு அடுத்த வருடம், "நீங்களும் வாங்க," என்றாள். பால்குடம் எடுக்கவில்லை. கூட்டம் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று தைப்பூசம் முடிந்து சில நாள் கழித்து, விடியற்காலையில் போனோம்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். படியின் விளிம்பு காலுக்குத் தெரியாததால் ஒவ்வொரு படியிலும் அவள் "ம்" என்று சொல்ல வேண்டியிருந்தது. பாதி வழியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்றோம். குரங்கு ஒன்று யாரிடமோ எதையோ பிடுங்கிக்கொண்டு ஓட, ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மேலே குகைக்குள் போனதும் குளிர்ந்தது. ஈரமும் கற்பூரமும் வௌவால் நாற்றமும் கலந்த வாசனை. மணி அடித்தார்கள். கைகூப்பினேன். எனக்குக் கேட்க ஒன்றும் வரவில்லை. கண்ணைக் கொடு என்று கேட்கும் நாள் போய்விட்டது. விரலைக் கொடு என்று கேட்கலாமா என்று நினைத்தேன். அதுவும் அசட்டுத்தனமாகத் தோன்றியது. அப்படியே நின்றேன்.

இறங்கி வந்து, ஒரு கடை ஓரத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல," என்றேன். பிறகு, "நீ?" என்று கேட்டேன்.

அவள் என் வேட்டியில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டாள்.

"நானும் ஒண்ணும் வேண்டிக்கலங்க," என்றாள்.

வெயில் ஏறும் முன்பே பஸ் பிடிக்க வேண்டும் என்று எழுந்து, என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.